தினம் பத்து நிமிடம்: பிள்ளைகளுக்குப் பிழையில்லாமல் தமிழ் எழுதப் பழக்க, நெல்லைப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மூன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்கு மாலை நேரத்தில் தமிழ் எழுதச் சொல்லிக்கொடுக்கிறேன். பிள்ளையைக் கூட்டிப்போக வரும் அம்மாக்களும் அப்பாக்களும் ஆச்சிமாரும் வாசலில் நின்று கேட்கிற கேள்விகளையே இங்கே தொகுத்திருக்கிறேன். வீட்டிலேயே சொல்லிக்கொடுக்க நினைப்பவர்களுக்கும் இது உதவும்.

என் மகன் நாலாம் வகுப்பு. 'வாளப்பளம்', 'மளை' என்றே எழுதுகிறான். கவனக்குறைவா, சோம்பலா?

இரண்டும் இல்லை. காதில் விழுந்ததை அப்படியே எழுதுகிறான். நம் பக்கத்துப் பேச்சில் ழகரம் பெரும்பாலும் ளகரமாகத்தான் ஒலிக்கும்: பளம், கோளி, கிளவி. 'மள பெய்யுது' என்று கேட்டே வளர்ந்த பிள்ளைக்கு அந்த ழ எங்கிருந்து கிடைக்கும்? அதைக் கண்ணால்தான் கற்றாக வேண்டும். 'ஆத்துல குளிச்சோம்', 'நேத்து வந்தாவ', 'மூணு கன்னுக்குட்டி' என்று எழுதுவதும் இதே காரணத்தால்தான்.

ஆகவே முதல் வேலை, திட்டுவதை நிறுத்துவது. அடுத்த வேலை, அவன் கடைசியாக எழுதிய நாலைந்து பக்கங்களை எடுத்து வைத்துக்கொண்டு பிழைகளை வகை பிரிப்பது. ழ-ள குழப்பம் எத்தனை, ர-ற எத்தனை, கால் கொம்பு விட்டது எத்தனை, புள்ளி விட்டது எத்தனை என்று குறித்தால், பெரும்பாலான பிள்ளைகளுக்கு இரண்டு வகைக்குள்தான் பாதிக்கு மேல் அடங்கும். 'எல்லாமே தப்பு' என்று தோன்றிய நோட்டு, வகை பிரித்த பிறகு அவ்வளவு பயமுறுத்தாது.

அப்படியென்றால் வீட்டில் பேசுவதை மாற்ற வேண்டுமா? 'சொல்லுதான்', 'கேக்கான்' என்றெல்லாம் பேசினால் எழுத்து கெடுமா?

கெடாது. தயவுசெய்து அந்தப் பேச்சைப் பிள்ளையிடமிருந்து பறிக்காதீர்கள். 'சொல்லுதான்' என்பது நம் மண்ணின் தமிழ். வீட்டில் ஒன்று, நோட்டில் ஒன்று என்று இரண்டையும் பிள்ளைகள் வெகு சுலபமாகப் பிரித்து வைத்துக்கொள்வார்கள். 'நாம இப்படிச் சொல்லுவோம், எழுதும்போது இப்படி எழுதுவோம்' என்று ஒரு வரி சொன்னால் போதும். ஆச்சி பேசுவது தப்பு என்று எந்தப் பிள்ளையும் நினைத்துவிடக் கூடாது.

தினம் பத்து நிமிடம் போதுமா? ஞாயிற்றுக்கிழமை உட்காரவைத்து இரண்டு மணி நேரம் சொல்லிக்கொடுத்தால் என்ன?

தினம் பத்து நிமிடம்தான் மேல். புதிதாகப் படித்ததில் பெரும்பகுதி முதல் ஒன்றிரண்டு நாட்களுக்குள்ளேயே மறந்துபோகும் என்பதையும், விட்டுவிட்டுத் திரும்பப் பார்த்தால் அது மனதில் தங்கும் என்பதையும் ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885லேயே சோதித்து எழுதிவிட்டார். ஞாயிறு படித்த நாற்பது சொல்லை அடுத்த ஞாயிறு வரை யாரும் தொடவில்லையென்றால், அந்த ஞாயிறு மறுபடி தொடக்கத்திலிருந்துதான்.

இன்னொன்று, பத்தாவது நிமிடத்துக்கு மேல் பிள்ளையின் கை எழுதும், கண் வேறெங்கோ இருக்கும். நேரம் முடிந்ததும் நிறுத்திவிடுங்கள், ஆர்வமாக இருந்தாலும் கூட. நாளைக்கு அந்த ஆர்வம் வேண்டும்.

பத்து நிமிடத்தில் என்னதான் செய்வது?

புதுச் சொல் நான்கு. அதற்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு சொல்லையும் பிள்ளை முதலில் பார்க்க வேண்டும், எழுத்து எழுத்தாக வாய்விட்டுச் சொல்ல வேண்டும், பிறகு கையால் மூடிவிட்டு எழுத வேண்டும். எழுதியதும் திறந்து, தானே ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். இந்த 'தானே' என்பதுதான் முக்கியம். நீங்கள் திருத்தினால் உங்களுக்குத்தான் அந்தச் சொல் மனதில் நிற்கும்.

கடைசி மூன்று நிமிடம் பழைய சொற்களுக்கு: நேற்றையது இரண்டு, போன வாரத்தது இரண்டு, போன மாதத்தது ஒன்று. நீங்கள் சொல்ல, பிள்ளை எழுத வேண்டும், பார்க்காமல். பள்ளியில் சொல்வதை எழுதுதல் என்பார்களே, அதேதான், மதிப்பெண் மட்டும் கிடையாது. சனிக்கிழமை புதுச் சொல் இல்லை; அந்த வாரச் சொற்களை வைத்து இரண்டு வாக்கியம் எழுதட்டும். தன் சொந்த வாக்கியத்தில் சரியாக எழுதினால்தான் சொல் பிள்ளையின் கைக்கு வந்திருக்கிறது என்று அர்த்தம்.

தப்பாக எழுதிய சொல்லை இருபது தடவை எழுதச் சொல்லலாமா?

வேண்டாம். இம்போசிஷன் எழுதுகிற பிள்ளையைப் பக்கத்தில் உட்கார்ந்து கவனித்துப் பாருங்கள். முதலில் பக்கத்தின் மேலிருந்து கீழ்வரை ப, ப, ப என்று வரிசையாக இறக்கிவிடும். அடுத்து அதன் பக்கத்தில் ழ, ழ, ழ. கடைசியில் ம் எல்லாவற்றுக்கும் ஒரே ஓட்டமாகப் புள்ளி. இருபது 'பழம்' பக்கத்தில் இருக்கும்; பிள்ளை ஒரு தடவைகூட 'பழம்' என்ற சொல்லை எழுதியிருக்காது. இன்று ஒரு தடவை, நாளை ஒரு தடவை, நாலு நாள் கழித்து ஒரு தடவை, ஒவ்வொரு தடவையும் பார்க்காமல். அந்த மூன்றே போதும்.

ந, ன, ண மூன்றும் குழம்புகிறது. இதற்கு விதி உண்டா?

நல்ல விதியே உண்டு, அதுவும் பழைய ஆசிரியர்கள் வைத்த பெயருக்குள்ளேயே இருக்கிறது. ண-வுக்கு டண்ணகரம் என்று பெயர்: ட-வுக்கு முன்னால் இதுதான் வரும். வண்டி, நண்டு, தொண்டை. ந-வுக்குத் தந்நகரம்: த-வுக்கு முன்னால் இது. பந்து, சந்தை, வந்தான். ன-வுக்கு றன்னகரம்: ற-வுக்கு முன்னால் இது. கன்று, நன்றி, தென்றல். 'வன்டி' என்று எழுதுகிற பிள்ளையிடம் 'ட-வுக்கு முன்னால் யார் நிற்பா?' என்று கேட்டால் அதுவே திருத்திவிடும்.

சொல்லின் முதலில் எப்போதும் ந. ணகரமும் னகரமும் தமிழ்ச் சொல்லைத் தொடங்காது. நடுவில் தனியாக ந வந்தால், அங்கே இன்னொரு சொல் தொடங்குகிறது என்று பொருள் கொள்ளலாம், பெரும்பாலும் சரியாக இருக்கும். திருநெல்வேலியையே எடுத்துக்கொள்ளுங்கள்: திரு, நெல், வேலி. கடையநல்லூர், வீரவநல்லூர் எல்லாம் இப்படித்தான். மனம்-மணம், பனி-பணி போன்ற ஜோடிகளுக்கு மட்டும் விதி இல்லை. அவற்றை வாக்கியத்தோடு பழக்க வேண்டும்.

ல, ள, ழ? இதுதான் எங்களுக்குப் பெரிய தலைவலி.

எனக்கும் இந்தக் கேள்விதான் மிகவும் பிடித்தது, ஏனென்றால் பெற்றோர் நினைப்பதைவிட இதில் பிடிமானம் அதிகம்.

முதலில் நாக்கு. ல சொல்லும்போது நாக்கு மேல்பல்லின் அடியைத் தொடும். ள-வுக்கு நாக்கு மடிந்து மேலண்ணத்தைத் தொடும். ழ-வுக்கு அதேபோல் மடியும், ஆனால் ஒட்டாமல் வருடிவிட்டுப் போகும். பாடம் நடக்கும் அந்தப் பத்து நிமிடத்துக்கு மட்டும் சொல்லை இப்படி அழுத்திச் சொல்லச் சொல்லுங்கள். பேசும்போது எப்படியும் பேசிக்கொள்ளட்டும்.

அடுத்தது, சொல்லை அசைத்துப் பார்ப்பது. சின்னச் சொற்களோடு 'கள்' சேர்த்துப் பாருங்கள். பல், பற்கள். கல், கற்கள். சொல், சொற்கள். ஆனால் முள், முட்கள். ல் என்றால் ற் ஆகும், ள் என்றால் ட் ஆகும். ழ் மாறாது: இதழ், இதழ்கள். இது ஒரு குறிலும் ஒரு புள்ளியெழுத்தும் மட்டுமே உள்ள சொற்களில் நன்றாக வேலை செய்யும். கால், விரல், வாள் போன்றவற்றில் வெறும் 'கள்'தான் சேரும் என்பதையும் பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள்.

வினைச்சொல்லில் இன்னும் சுலபம், நடந்து முடிந்ததாகச் சொல்லிப் பார்த்தால் போதும். நில், நின்றான். செல், சென்றான். வில், விற்றான். இவை ல். கொள், கொண்டான். உருள், உருண்டது. கேள், கேட்டான். இவை ள். வாழ், வாழ்ந்தான். கவிழ், கவிழ்ந்தது. அவிழ், அவிழ்ந்தது. இவை ழ். நம் பேச்சிலேயே 'உருண்டுச்சு' என்கிறோம், ண்ட தெளிவாகக் கேட்கிறது, ஆகவே உருள். இங்கே காது உதவிக்கு வருகிறது.

பழம், மழை, வழி போன்ற சொற்களுக்கு விதி கிடையாது. குடும்பமாகச் சேர்த்துக் கற்பதே வழி. பழம் தெரிந்தால் பழுத்தது, பழுப்பு தெரியும். எழு தெரிந்தால் எழுத்து, எழுச்சி. தொழில் தெரிந்தால் தொழிலாளி, தொழிற்சாலை. தொழிலாளி என்ற ஒரே சொல்லில் மூன்று எழுத்தும் வரிசையாக வந்துவிடுகின்றன. அதை எழுதத் தெரிந்த பிள்ளைக்கு வருகிற பெருமையைப் பார்க்க வேண்டும்.

'முயற்சி'யா, 'முயற்ச்சி'யா? பெரியவர்களுக்கே குழப்பமாக இருக்கிறதே.

முயற்சி. பயிற்சி. அதற்கு. கற்க. ஆட்சி, காட்சி. ஆனால் வளர்ச்சி, மகிழ்ச்சி, பாய்ச்சல். ஏன் ஒன்றில் ச் உண்டு, இன்னொன்றில் இல்லை?

தமிழ்ச் சொல்லுக்குள் இரண்டு புள்ளியெழுத்து அடுத்தடுத்து வந்தால், முதல் புள்ளி ய், ர், ழ் மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும். வேறு எழுத்துக்கு அந்த உரிமை இல்லை. மகிழ்ச்சியில் ழ் இருக்கிறது, ச் வரலாம். முயற்சியில் ற் இருக்கிறது, ச் வர முடியாது. நன்னூல் சொல்கிற இலக்கணம்தான் இது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு அந்த நூற்பா வேண்டாம், 'ய், ர், ழ்' என்ற மூன்று எழுத்து போதும்.

இந்த ஒரு விதி ழகரச் சந்தேகத்தையும் சேர்த்துத் தீர்த்துவிடுகிறது. வாழ்க்கை, வாழ்த்து, ஆழ்ந்த, தாழ்ந்த, நிகழ்ச்சி: எல்லாவற்றிலும் இரட்டைப் புள்ளி. ஆகவே அங்கே ள் வரவே முடியாது. 'வாள்க்கை' என்று எழுதிய பிள்ளை தானே கண்டுபிடித்துத் திருத்தும். ஒரு வாரம் முழுக்க இந்த ஒரு விதிக்குக் கொடுங்கள், தகும்.

ர, ற?

சொல் ற-வில் தொடங்காது. ன்-க்குப் பிறகு ற-தான். பேச்சில் 'த்த' என்று கேட்டு எழுத்தில் 'ற்ற' வருமா என்ற சந்தேகத்துக்கு, சொல்லின் மூலத்தைத் தேடச் சொல்லுங்கள். ஆத்துல: ஆறு, ஆகவே ஆற்றில். சோத்துல: சோறு, ஆகவே சோற்றில். சேத்துல: சேறு, சேற்றில். சுவர் மட்டும் சுவறு இல்லை. ஆகவே 'சுவற்றில் எழுதாதீர்கள்' என்று ஊரெல்லாம் எழுதிவைத்திருப்பது பிழை, சுவரில் என்பதே சரி. பிள்ளையோடு நடந்து போகும்போது அதைக் காட்டுங்கள்.

கரை-கறை, இரை-இறை, அரை-அறை போன்ற ஜோடிகளை ஒரே நாளில் இரண்டையும் சொல்லித்தராதீர்கள். முதலில் கரை மட்டும், தாமிரபரணிக் கரை. அது நன்றாகப் பதிந்த பிறகு, ஒரு வாரம் கழித்து, சட்டையில் கறை. சேர்த்துச் சொன்னால் சேர்ந்தே குழம்பும்.

எ-ஏ, ஒ-ஓ கொம்புகளை மாற்றிப் போடுகிறாள்.

குறில் நெடிலைக் கைதட்டிக் காட்டுங்கள்: கொடு, கோடு. நெடிலுக்கு நீளமான தட்டு. இந்தக் கொம்பு வேறுபாடு ஓலைச்சுவடிக் காலத்தில் இப்போதுபோல் இருக்கவில்லை. 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் செய்த சீர்திருத்தம். நம் பக்கத்துக் காமநாயக்கன்பட்டியில் இருந்து பணிசெய்தவர் அவர். 'நம்ம ஊர்ப்பக்கம் இருந்தவர் கொடுத்த கொம்பு' என்று சொன்னால் பிள்ளைகள் அதை மறப்பதில்லை.

க், ச், த், ப் எங்கே மிகும்?

ஐந்தாம் வகுப்பு வரை இரண்டே இடம் போதும். அந்த, இந்த, எந்த என்பவற்றுக்குப் பின்: அந்தப் பையன். ஐ, கு உருபுகளுக்குப் பின்: அவனைப் பார்த்தேன், கடைக்குப் போனேன். வாய்விட்டு வாசித்தால் அழுத்தம் கேட்கும். மற்றவை பிறகு.

படிக்க உட்காரவே மாட்டேன் என்கிறான். வேறு வழி?

புது பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிப் போங்கள். ஆழ்வார்குறிச்சி, களக்காடு, வள்ளியூர், பணகுடி, திசையன்விளை, மூலைக்கரைப்பட்டி, திருக்குறுங்குடி: பஸ் போர்டுகளே ஒரு முழுப் பாடம். குறிச்சி என்று முடிகிற ஊர்கள் எல்லாவற்றிலும் ற. மூலைக்கரைப்பட்டியில் லை, திசையன்விளையில் ளை. பஸ் வருவதற்குள் ஒரு ஊர்ப் பெயரைப் பார்த்து, கண்ணை மூடி, எழுத்து எழுத்தாகச் சொல்லச் சொல்லுங்கள்.

கூர்மையான பிள்ளை ஒன்று கேட்கும்: ஊற்றுதானே சரி, தாழையூத்து ஏன் அப்படி இருக்கிறது? ஊர்ப் பெயர்களில் பேச்சு வடிவமே நிலைத்துவிடுவது உண்டு என்று சொல்லுங்கள். அந்தக் கேள்வி வந்துவிட்டது என்றால் நீங்கள் பாதி ஜெயித்தாயிற்று.

எனக்கே சரியாக எழுத வராது. பீடி சுற்றுகிற வேலையில் உட்காரவும் நேரமில்லை. நான் எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

முக்கூடல் பக்கமிருந்தும் மேலப்பாளையத்திலிருந்தும் வரும் அம்மாக்கள் இதைத் தயங்கித் தயங்கிக் கேட்பார்கள். தயங்கவே வேண்டாம், தாயே. இந்த முறையில் சொல்லித்தருபவர் எழுத வேண்டியதே இல்லை. கை தட்டில் ஓடட்டும். பிள்ளை பாடப்புத்தகத்திலிருந்து சொல்லை எழுத்து எழுத்தாக உங்களுக்குச் சொல்லட்டும், புத்தகத்தை மூடிவிட்டு எழுதட்டும், திறந்து சரிபார்த்துச் சொல்லட்டும். 'எந்த எழுத்து மாறிப்போச்சு, காட்டு' என்று நீங்கள் கேட்டால் போதும். கேட்க ஓர் ஆள் இருப்பதுதான் பிள்ளைக்குத் தேவை. படிக்காத அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்தே நன்றாக எழுதக் கற்ற பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

ஆச்சி எழுதும் லை, ணை, னா எல்லாம் வேறு மாதிரி இருக்கிறதே?

அது பிழை இல்லை. 1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்கும்வரை அந்த வடிவங்களே வழக்கில் இருந்தன. பெரியார் 1935 முதலே தம் 'குடிஅரசு' இதழில் புது வடிவங்களைப் பயன்படுத்தி வந்தார். பிள்ளை புது வடிவத்தில் எழுதட்டும், ஆச்சி எழுதுவதை வாசிக்கவும் தெரிந்துகொள்ளட்டும்.

போனில் தமிழ் தட்டினால் எழுத்து பழகுமா?

கொஞ்சம் பழகும். ஆங்கில எழுத்துகளை வைத்துத் தட்டுகிற பிள்ளைகூட ழ வேண்டுமென்றால் இசட், எச் என்று தேடித் தட்ட வேண்டியிருக்கிறது. அங்கே ஒரு கணம் யோசிக்கிறது. ஆனால் முதல் எழுத்திலேயே போன் முழுச் சொல்லையும் நீட்டிவிட்டால் அந்த யோசனை போய்விடும். குரலில் பேசி எழுதவைப்பது செய்தி அனுப்ப உதவும், எழுத்துப் பழக உதவாது. பத்து நிமிடம் கையால், நோட்டில்.

ஆங்கில ஸ்பெல்லிங்கையும் இதே நேரத்தில் சேர்க்கலாமா?

முறை அதேதான், நேரம் வேறாக இருக்கட்டும். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று.

பள்ளியில் 'மொட்டு' நிலை என்கிறார்கள். எந்த வகுப்புச் சொற்களை எடுப்பது?

2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளையின் கற்றல் நிலையை வைத்துப் பிரிக்கிறார்கள். அதைக் குறையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நீங்களும் அப்படியே செய்யுங்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு மூன்றாம் வகுப்புச் சொற்களில் தடுமாற்றம் என்றால் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். நான்கு சொல்லில் குறைந்தது மூன்று பிள்ளைக்குச் சரியாக வருகிற அளவில் பாடம் இருக்கட்டும்.

பல மாதம் பழக்கியும் முன்னேற்றமே இல்லை என்றால்?

முதலில் கண்ணையும் காதையும் சோதித்துவிடுங்கள். கரும்பலகை தெரியாத பிள்ளைக்கு எந்தப் பாடமும் ஏறாது. அவை சரியாக இருந்தும், மூன்றாம் வகுப்பு தாண்டியும் எளிய சொற்களை வாசிக்கவே திணறினால், எழுத்துகளைத் தொடர்ந்து இடம் மாற்றினால், வாயால் சொல்வதற்கும் எழுதுவதற்கும் பெரிய இடைவெளி இருந்தால், கற்றல் குறைபாடு இருக்கலாம். அறிவுக் குறைவு அது இல்லை. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இதுவும் சேர்க்கப்பட்டிருக்கிறது. பள்ளித் தலைமையாசிரியரிடம் சொல்லி, வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரைப் பார்க்கக் கேளுங்கள். காத்திருக்க வேண்டாம், சீக்கிரம் தெரிந்தால் பிள்ளைக்குப் பாரம் குறையும்.

சரி, நாளைக்கே தொடங்குகிறோம். முதல் வாரச் சொற்களைச் சொல்லுங்கள்.

திங்கள்: பழம், பழுத்தது, மழை, வழி. செவ்வாய்: வண்டி, நண்டு, பந்து, கன்று. புதன்: காற்று, நேற்று, ஆற்றில், சோற்றில். வியாழன்: பல், பற்கள், முள், முட்கள். வெள்ளி: வாழ்த்து, மகிழ்ச்சி, வளர்ச்சி, முயற்சி. சனிக்கிழமை இவற்றில் பிள்ளைக்குப் பிடித்த நான்கை வைத்து இரண்டு வாக்கியம். நோட்டின் கடைசிப் பக்கத்தில் தவறிய சொற்களை மட்டும் பிள்ளையே எழுதிவைக்கட்டும்; அடுத்த வாரத்தின் கடைசி மூன்று நிமிடங்களுக்கு அந்தப் பக்கம்தான் வேண்டும்.